திருகோணமலை ரயில் நிலையமா, சீனக்குடாவா?

விடுமுறைக்கு வரும் மருமக்கள் கேட்பது ஒன்றுதான்: "மாமா, ரயில் எஞ்சினைக் கிட்ட நின்று பார்க்க எங்க போகலாம்?"

செலவு
நிலையம்: நகருக்குள்ளேயே இருக்கிறது, நடந்தே போகலாம்.
சீனக்குடா: நகருக்கு வெளியே இருக்கும் இடம். கிண்ணியா பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கலாம். பஸ் காசு, ஒரு பிளேன்ரீ, அவ்வளவுதான்.

பார்க்க என்ன இருக்கும்
நிலையம்: கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து வரும் தண்டவாளம் இங்கே முடிகிறது. அதுதான் ருசியே! கொழும்பு கோட்டையிலிருந்து வரும் இரவு ரயில் காலையில் நின்றதும், ஒருவர் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குனிந்து குழாயைக் கழற்றுவார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். திரும்பிப் போவதற்காக எஞ்சின் பக்கத்துத் தண்டவாளத்தால் ஓடி, மறுமுனையில் போய்க் கொளுவும். சின்னவன் இதையே மூன்று முறை பார்க்கக் கேட்டான்.
சீனக்குடா: மா ஆலை, சீமெந்து ஆலை, இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்கள். சரக்குப் பெட்டிகளின் ஊர் இது.

நிச்சயம்
நிலையம்: பயணிகள் ரயிலுக்கு நேரம் உண்டு, முதல்நாளே கேட்டுக்கொள்ளலாம்.
சீனக்குடா: சரக்கு ரயிலுக்கு நம் கணக்குத் தெரியாது. ஒருநாள் இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, மாடு கடப்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

படம் எடுக்க
நிலையம்: நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.
சீனக்குடா: விமானப்படைத் தளம் அருகிலேயே இருப்பதால் கமராவைக் கண்டபடி தூக்காதீர்கள்.

பிள்ளைகளோடு என்றால் நிலையம்தான். சரக்குப் பெட்டிப் பைத்தியமும் பொறுமையும் உள்ளவர் சீனக்குடாவுக்குப் போகலாம், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்காமல்.