கம்ப்ரசரைத் திருப்பி உறிஞ்ச வைப்பதா, வெற்றிடப் பம்ப் வாங்குவதா?

வெனீர் என்ற மெல்லிய மரத்தகட்டைப் பலகையில் ஒட்டுவதற்கு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து வெளிக்காற்றாலேயே அழுத்த வைக்கும் வெற்றிடப் பை ஒன்றை அமைக்க நினைக்கும் தச்சருக்குப் பினாங்கில் நான்கு வழிகள் உண்டு. டயர் கடையில் இருப்பதைப் போன்ற எண்ணெய்க் கம்ப்ரசரைத் திருப்பி உறிஞ்ச வைக்கலாம். எண்ணெய் தேவைப்படாத, சத்தம் குறைந்த கம்ப்ரசரை அப்படி மாற்றலாம். குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர்கள் தூக்கிக்கொண்டு வரும் பம்பை வாங்கலாம். அல்லது கம்ப்ரசரில் கை வைக்காமல், அதன் காற்றாலேயே இயங்கும் வென்டுரி ஒன்றை, அதாவது வேகமாகப் பாயும் காற்றைக் கொண்டு பையின் காற்றை இழுக்கும் சிறு குழலை, மாட்டலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பட்டர்வொர்த்தில் என் பட்டறையில் அதுதான் ஓடுகிறது. ஆகவே தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

என் வேலை பெரும்பாலும் தரை வீடுகளுக்கான பூஜை மாடங்கள். 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவில் நியாத்தோ மர வெனீர் ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மானி 80 கிலோபாஸ்கல் வெற்றிடம் காட்டினால், அதாவது பைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட அவ்வளவு குறைந்தால், அந்தக் கதவின் மேல் வெளிக்காற்று 4 டன்னுக்கும் அதிகமாக அழுத்துகிறது. பட்டறையில் இருக்கிற எல்லாக் கிளாம்புகளையும் மாட்டினாலும் அந்த அழுத்தம் இவ்வளவு சீராகக் கிடைக்காது. கடல் மட்டத்தில் இருப்பதால் நமக்குக் காற்றழுத்தத்தின் 101 கிலோபாஸ்கலும் முழுதாகக் கிடைக்கின்றன. பினாங்கு மலையுச்சியில் பட்டறை போட்டால் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். அங்கே யாரும் பட்டறை போடப் போவதில்லை.

80 கிலோபாஸ்கல் போதும் என்பதே குளிர்சாதனப் பம்பின் பெருமையைப் பாதி குறைத்துவிடுகிறது. அது ஏறக்குறைய முழு வெற்றிடத்தை எட்டக்கூடியது. குளிர்வாயுக் குழாயில் ஒரு துளி ஈரமும் மிஞ்சக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. நமக்கோ அவ்வளவு ஆழம் தொல்லை. 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே மிஞ்சும் அழுத்தம் 4 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கினாலே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்; வெள்ளைப் பசையில் இருப்பதும் தண்ணீர்தான். எனவே பம்பை வாங்கிய பிறகு, காற்றைக் கொஞ்சம் கசியவிட்டு அதன் ஆழத்தை மட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் முடிவைத் தீர்மானித்தது எண்ணெய்.

குளிர்சாதனப் பம்பின் உள்ளே சுழலும் தகடுகளுக்கு உயவும் அடைப்பும் எண்ணெய்தான். குளிர்சாதன வேலையில் அது மூடிய குழாயைக் காலி செய்துவிட்டு நிறுத்தப்படும். வெனீர்ப் பையிலோ, ஏதோ ஓர் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டே இருக்கும்; பசையின் ஈரமும் மரத்தின் ஈரமும் மணிக்கணக்கில் பம்புக்குள் போகும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமே 80 சதவீதத்தை ஒட்டியது. விளைவாக எண்ணெய் பால் நிறமாகிவிடும், உயவுத் தன்மை போய்விடும், மாற்ற வேண்டியதுதான். காற்று நிறையப் பாயும்போது வெளிக்குழாய் வழியாக எண்ணெய்ப் புகையும் வரும். மெருகு பூசாத மரத்தில் அது படிந்தால் வார்னிஷ் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும். பம்பைப் பட்டறைக்கு வெளியே வைக்கலாம், வடிகட்டி மாட்டலாம். ஆனால் எண்ணெயைக் கவனித்துக்கொண்டே இருக்கும் வேலையிலிருந்து விடுதலை இல்லை.

எண்ணெய்க் கம்ப்ரசரை மாற்றுவது இதைவிட மோசம். காற்றை அழுத்தும் வேலையில் பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் அதிகம், கீழே, பிஸ்டனை இயக்கும் தண்டும் எண்ணெயும் இருக்கும் கிராங்க் அறையில் குறைவு. எண்ணெய் தன் இடத்தில் கிடக்கும். உறிஞ்ச வைக்கும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மேலே வெற்றிடம், கீழே சாதாரணக் காற்றழுத்தம். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களின் இடைவெளி வழியாக எண்ணெய் மேலே ஏறி வெளியேறும். கிராங்க் அறை வற்றுவதை யாரும் பார்க்காவிட்டால் ஒருநாள் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். ஐந்து நிமிடம் கிளாம்பாகப் பயன்படுத்தப் பரவாயில்லை. இரவெல்லாம் பையைப் பிடித்துவைக்க நான் அதை நம்ப மாட்டேன். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரும் எண்ணெயில் ஊறியதுதான் என்பதால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

எண்ணெய் இல்லாத கம்ப்ரசரின் பிஸ்டனில் டெஃப்லான் வகை வளையம் இருக்கும். ஏற வேண்டிய எண்ணெய் அங்கே இல்லவே இல்லை. சில தொழிற்சாலைகள் ஒரே பிஸ்டன் தலையை, அதாவது பிஸ்டனும் உருளையும் சேர்ந்த பகுதியை, கம்ப்ரசராகவும் வெற்றிடப் பம்பாகவும் விற்கின்றன. ஆகையால் நாம் செய்வது விபரீதமும் அல்ல. காற்று நுழையும் இடத்தில் உள்ள வடிகட்டியைக் கழற்றி, அந்த மரையில் இணைப்பு ஒன்றை டெஃப்லான் நாடா சுற்றி முறுக்கினால் அதுவே உறிஞ்சும் வாய். குழாய் கம்பிச் சுருள் பதித்ததாக இருக்க வேண்டும். மெல்லிய குழாய் சப்பிப் போய்விடும். கம்ப்ரசரின் காற்று வெளியேறும் வாயைத் தொட்டியிலிருந்து பிரித்து, சத்தம் குறைக்கும் குமிழோடு திறந்துவிட வேண்டும். பைக்கு அருகே ஒருவழி வால்வு அவசியம். மோட்டார் நின்றதும் தலைக்குள் காற்றை விடும் சிறு வழியும் வேண்டும். இல்லையென்றால் வெற்றிடத்தை எதிர்த்து மறுபடி புறப்பட முடியாமல் மோட்டார் முனகும்.

எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பது பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகும் மேலே மிஞ்சும் இடத்தைப் பொறுத்தது. அந்த இடம் உருளையின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்றால், 10 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்குக் கீழே அது இறங்காது. அதாவது மானியில் 90 வரை வரலாம். வால்வுத் தகடுகளும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் குறைக்கும். இரட்டைத் தலை இருந்தால் ஒன்றின் வெளிவாயை மற்றதன் உள்வாயில் இணைத்து ஆழத்தைக் கூட்டலாம், வேகம் குறையும். நான் அப்படி இணைக்கவில்லை. பெரிய பை சீக்கிரம் சப்ப வேண்டும் என்பதே எனக்கு முக்கியம்.

வென்டுரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அசையும் பாகம் கிடையாது, விலை மிகக் குறைவு, ஈரத்துக்கு அஞ்சாது. ஆனால் 1 மில்லிமீட்டர் துளை கொண்ட சிறிய வென்டுரி நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் காற்றைத் தின்றுவிட்டு, பையிலிருந்து அதில் பாதியளவைத்தான் இழுக்கும். கம்ப்ரசர் அடிக்கடி முழங்கும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய பட்டறையில் இரவு பத்து மணிக்கு அது நடக்காது. பகலில் சிறு பலகையைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துக் கடைவதற்கு மட்டும் என்றால் வேறு எதையும் தேடாதீர்கள், வென்டுரியே போதும்.

விற்கும்போது குளிர்சாதனப் பம்புக்கே மதிப்பு. மாற்றியமைத்த தலையை யாரும் வாங்க மாட்டார்கள். டெஃப்லான் வளையம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. மரத்தூள் உள்ளே போகாமல் வடிகட்டி வைத்திருக்கிறேன். பால்மரக் கட்டையைப் பிசினில் ஊறவைத்துப் பேனா கடைபவர்களுக்கு என் ஏற்பாடு பயன்படாது. மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்றை வெளியே இழுக்க ஆழ்ந்த வெற்றிடம் தேவை. அவர்கள் குளிர்சாதனப் பம்பையே வாங்கட்டும், கூடவே இரண்டு புட்டி எண்ணெயும்.