ஜிப்ஸியில் ‘டக்’ சத்தம்: ரப்பரா, கிராஸா, கிரவுனா?

பழைய மாருதி ஜிப்ஸி (நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய ஜீப் வகை வண்டி) ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. முதல் கியரில் கிளட்சை விட்டதும் அடியில் ஒரு ‘டக்’, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னொன்று, ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் பலமாக. பட்டறைக்குப் பட்டறை தீர்ப்பு மாறும். ஒருவர் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பு) போச்சு என்பார், அடுத்தவர் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே கிரவுனை (ஆக்சிலுக்குள் ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கரம்) இறக்கணும் என்பார். ரப்பரையும் கிராஸையும் பார்க்காமல் கிரவுனில் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக ரப்பர் மவுண்டிங்கில் சேசிஸில் தொங்கும். அதனால் கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டி ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஆக மூன்று ஷாஃப்ட், ஆறு கிராஸ். ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கூடிவிடும். நல்ல வண்டியிலும் பின் ஷாஃப்டைக் கையால் திருகினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள்.

முதலில் ரப்பர், ஏனென்றால் சோதிக்கக் காசே வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாகத் தொட்டு விடட்டும், நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாருங்கள் (வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்). அது எம்பிக் குதித்தால் ரப்பர் போய்விட்டது. மாற்றும்போது ரப்பரா, பாலியூரித்தேனா என்ற கேள்வி வரும். பாலியூரித்தேன் எண்ணெய் பட்டாலும் ஊறாது, ஆனால் கியர் இரைச்சலை அப்படியே கேபினுக்குள் கொண்டுவந்துவிடும். தினம் ஓட்டுகிற வண்டிக்குச் சாதா ரப்பரே போதும்.

அடுத்தது கிராஸ். கிராஸின் முனைகளில் உள்ள கப்பைச் சுற்றித் துருப்பொடி படிந்திருந்தால், மெதுவாகப் போகும்போது கீச்கீச்சென்று கேட்டால், வேறு சாட்சி தேவையில்லை. புதிதாகப் போடும்போது கிரீஸ் நிப்பிள் உள்ளதா, சீல் செய்ததா? நிப்பிள் உள்ளது ஓடை, சேறு என்று இறங்குகிற வண்டிக்கு நல்லது, இறங்கி ஏறியதும் கிரீஸ் அடிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு சீல் செய்ததே மேல். எது வாங்கினாலும் மாட்டுகிற விதத்தில்தான் ஆயுள் இருக்கிறது. சுத்தியலால் அடித்து இறக்கினால் உள்ளே ஊசி ரோலர் ஒன்று சரிந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும், அப்புறம் கப்பை நிறுத்தும் சர்க்ளிப் வளையம் காடிக்குள் உட்காராது, அதையும் தட்டி உட்கார வைப்பவர்கள் உண்டு. வைஸில் வைத்து நெருக்கச் சொல்லுங்கள். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) ஸ்பிளைனிலும் (ஷாஃப்ட் வழுக்கி நீளும் வரிப்பல் இணைப்பு) பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிளைன் இடம் மாறி இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வாக்கில் இல்லாமல் போனால், சத்தம் போய் அதிர்வு வரும்.

பிரேக் போட்டு நின்ற பிறகு, அல்லது நின்று கிளம்பும்போது மட்டும் ‘டக்’ என்றால் ஸ்லிப் ஸ்பிளைன் மேல் சந்தேகம் வையுங்கள். பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ஆக்சில் அசையும்போது ஷாஃப்ட் வழுக்கி நீள வேண்டும், காய்ந்திருந்தால் சிக்கி விடுபடும். கிரீஸில் சரியானால் சரி. தேய்ந்திருந்தால் கிரீஸ் கொஞ்ச நாள்தான் தாங்கும், முழு ஷாஃப்டாகப் புதிது போடுவதே நல்லது. லேத்தில் வெட்டி வெல்டிங் செய்வதற்கு நான் ஆதரவில்லை, பேலன்ஸ் பார்த்துத் தருகிற இடமென்றால் மட்டும் யோசிக்கலாம்.

கிரவுனும் அதோடு பல் கோக்கும் பினியனும் தேய்ந்தால் ‘டக்’கைவிட ஊளைதான் முதலில் வரும், அதுவும் ஆக்சிலரேட்டரை மிதிக்க ஒரு சுருதி, விட ஒரு சுருதி. ஊளையே இல்லாமல் கிரவுன் என்று சொன்னால் ஒரு சோதனை கேளுங்கள்: பின் ஷாஃப்டை மட்டும் கழற்றிவிட்டு, 4ஹெச் (நான்கு சக்கர இழுவை, வேக கியர்) போட்டு, முன் சக்கர ஹப்பைப் பூட்டி (சக்கரத்தை ஆக்சிலோடு இணைத்து), சமதளத்தில் மெதுவாகக் கொஞ்ச தூரம். சத்தம் காணாமல் போனால் கோளாறு பின் ஷாஃப்டிலோ பின் ஆக்சிலிலோ. அப்படியே இருந்தால் பின் கிரவுன் நிரபராதி. (தார் ரோட்டில் 4ஹெச்சில் வளைத்துத் திருப்பும்போது வரும் இடி இந்தக் கணக்கில் சேராது. முன், பின் ஆக்சில்களின் வேக வித்தியாசத்தை ஏற்க நடுவில் டிஃப்ரன்ஷியல் இல்லாத வண்டி அப்படித்தான் முறுக்கும்.)

கிரவுன்தான் என்று உறுதியானால் இரண்டு வழி. ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் புது செட் போடுவதென்றால் பல் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கு, டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் கருவி) இல்லாமல் கைப்பதத்தில் வைக்கிற பட்டறைக்குக் கொடுக்காதீர்கள், சத்தம் இல்லாத வண்டிக்கும் ஊளை வந்துவிடும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டை மாதிரிப் பழைய உதிரிபாகச் சந்தையில் முழு ஆக்சிலாக வாங்கி மாட்டுவது தேவலை. ஆனால் 1993-இல் ஜிப்ஸி அகலத் தடத்துக்கு (இடது, வலது சக்கரங்களுக்கு இடையே கூடுதல் தூரம்) மாறியது, அதற்கு முந்தைய ஆக்சிலின் அகலம் ஒத்துவராது. கிரவுன், பினியன் பல்லையும் எண்ணிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ (பல் விகிதம்) இல்லாமல் 4ஹெச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டிவரும்.