24,500 ரூபாய்க்கு நான் வாங்கின "மலை சைக்கிள்": வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

இப்பத்தான் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தேன். நாலாவது தடவை. சாப்பிட்டுட்டு எழுதலாம்னு பார்த்தேன், சூடு ஆறிடும், அதான் அப்படியே உக்காந்துட்டேன். 24,500 ரூபாய்ங்க. தீபாவளி போனஸ் மொத்தமும், அதுக்கு மேல கைக்காசு நாலாயிரமும். "தினம் ஆபீசுக்கும் போகணும், ஞாயித்துக்கிழமை மண் பாதையிலயும் ஓட்டணும்"னு என்னை மாதிரி ஆசைப்பட்டு முதல் சைக்கிள் வாங்கப் போறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எதையெல்லாம் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

கடை பேரை எழுதல. கோயமுத்தூர்ல ஒரு பெரிய சைக்கிள் ஷோரூம், முன்பக்கம் பூரா கண்ணாடி, உள்ளே ஏசி. அவ்வளவு போதும்.

எனக்கு வடவள்ளியில வீடு, காந்திபுரம் பக்கம் ஆபீஸ். போக பத்து கிலோமீட்டர், வர பத்து. நான் கடைசியா ஓட்டினது பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட் குடுத்த இலவச சைக்கிள். கியர் கிடையாது, ஷாக்ஸ் கிடையாது, ஆனா காலேஜ் முடியற வரைக்கும் ஓடுச்சு. இப்ப என் கூட்டாளி ஒருத்தன் ஞாயித்துக்கிழமை ஆனா தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் தோப்புக்கு நடுவுல போற மண் தடத்துல ஓட்டிட்டு போட்டோ போடறான். பின்னால மலை, ரெண்டு பக்கமும் பாக்குமரம். யாருக்குத்தான் ஆசை வராது? அவன்கிட்ட கேட்டப்ப, "ஹைப்ரிட் வாங்குடா, முன்னாடி ஷாக்ஸே வேண்டாம், டயர் மட்டும் 40 எம்எம் பக்கம் இருக்கட்டும், ரெண்டுக்கும் ஆச்சு"ன்னான். ஹைப்ரிட்னா தார் ரோட்டு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவுல ஒரு ரகம். நான் அதைக் காதுல போட்டுக்கல. ஷாக்ஸ் இல்லாம மண்ணுல எப்படி ஓட்டறதுன்னு எனக்கு நானே ஒரு நியாயம்.

அக்டோபர் 11, சனிக்கிழமை, கடைக்குப் போனேன். நான் உள்ள நுழைஞ்சதும் ஓனர் சைக்கிளைக் காட்டல. ஒரு சின்னப் பையன் டயர்ல காத்து இல்லாம வெளிய நின்னுட்டிருந்தான், அவனுக்குத் தானே குனிஞ்சு காத்து அடிச்சு விட்டாரு. பையன் நீட்டின அஞ்சு ரூபாயை வாங்கல. "போயிட்டு வா சாமி"ன்னாரு. அப்புறம் எனக்கு டீ சொன்னாரு. நான் 38,000 ரூபாய் வண்டி ஒண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு இருந்தேன். வந்து என் கையை மெதுவா எடுத்துவிட்டாரு. "தம்பி, இது உங்களுக்கு வேண்டாம். முதல் வண்டிக்கு எதுக்கு இவ்வளவு? விக்கறவன் நானே சொல்றேன் பாருங்க."

அங்கதான் நான் விழுந்தேன். கூட விலைக்கு விக்கப் பார்த்திருந்தா உஷாரா இருந்திருப்பேன். மனுஷன் பதிமூணாயிரம் மிச்சம் பண்ணிக் குடுக்கறாரேன்னு நெஞ்சு குளிர்ந்து போச்சு. அதுக்கப்புறம் அவர் சொன்னது எதையும் நான் திருப்பிக் கேக்கல.

அவர் காட்டினது இது: முன்னாடி ஷாக்ஸ், நடுவுல இன்னொரு ஷாக்ஸ், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர், பச்சை பெயின்ட்ல "மௌண்டைன்"னு முழங்கை நீளத்துக்கு எழுத்து. "இம்போர்ட்டட் தம்பி. அலாய் ஃப்ரேம், 14 கிலோதான். ஷிமானோ கியர். ரோடு, காடு, ரெண்டுக்கும் இது ஒண்ணு போதும்." சைக்கிள் கடைப் பேச்சுல அலாய்னா எடை குறைஞ்ச அலுமினியக் கலவை. ஷிமானோ பேர் பெற்ற ஜப்பான் கியர் கம்பெனி. ஹைப்ரிட் பத்திக் கேட்டேன். "அது தார் ரோட்டை விட்டு இறங்கினா ரிம் வளைஞ்சிரும்"னாரு. நான் அஞ்சடி அஞ்சு அங்குலம், ஃப்ரேம் 19 இன்ச். பெருசா இருக்கேன்னு சொன்னேன். "சீட்டை இறக்கிட்டா சரியாப் போயிரும்." பில் கேட்டேன். "பில் போட்டா 12 பர்சென்ட் சேரும், உங்களுக்கு எதுக்குங்க தம்பி அந்த நஷ்டம்?" ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு, மேல "எஸ்டிமேட்"னு இருந்துச்சு. சைக்கிளுக்கு ஜிஎஸ்டியை 12 பர்சென்ட்லிருந்து 5 ஆக்கினது 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலயே. பேப்பர்ல வந்த விஷயம். நான் படிக்காதது என் தப்பு, அவருக்குத் தெரியாம இருந்திருக்காது.

முதல் வாரமே ஆபீஸ் போற வழியில தெரிஞ்சு போச்சு. வேளாண் பல்கலைக்கழகம் தாண்டி லாலி ரோடு சிக்னல் வர்றதுக்குள்ள தொடை எரியுது. நின்னு மிதிச்சா வண்டி முன்னால போறதுக்குப் பதிலா மேலயும் கீழயும் குதிக்குது. மிதிக்கற பலத்துல ஒரு பங்கு அந்த நடு ஷாக்ஸுக்குள்ளயே போய்ச் செத்துப் போகுது. மலிவு வண்டியில இருக்கற ஷாக்ஸ் வெறும் ஸ்பிரிங், உள்ள எண்ணெயும் இல்ல காத்தும் இல்ல, வேண்டாதப்ப லாக் பண்ற வசதியும் இல்ல. முண்டு முண்டா இருக்கற கட்டை டயர் தார் ரோட்டுல "ர்ர்ர்"ன்னு இரைஞ்சுக்கிட்டே வரும். ஆபீஸ் பையை வைக்க கேரியர் மாட்டலாம்னா அந்த ஃப்ரேம்ல திருகு போட ஒரு ஓட்டை கிடையாது. மட்கார்டும் அப்படித்தான். ஐப்பசி மழையில நனைஞ்ச ரோட்டுல போய் ஆபீஸ்ல இறங்கினா முதுகுல சேறு ஒரு கோடா நிக்கும். சீட்டை இறக்கினதுல முட்டி வலி வேற. சிக்னல்ல காலை ஊணினா ஃப்ரேம் குறுக்குக் கம்பி எங்க இடிக்கும்னு ஆம்பளைங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

சரி, இது மண்ணுக்கான வண்டி, அங்க பாத்துக்கலாம்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். நவம்பர் 16, ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு கூட்டாளியோட நரசீபுரம் பக்கம் போனோம். பாறையோ பள்ளமோ ஒண்ணும் இல்லைங்க, டிராக்டர் போற சாதாரண மண் தடம். ஒரு சின்ன ஏத்தம் வந்துச்சு, இருக்கறதுலயே லேசான கியருக்கு மாத்தினேன். பின்னால "படார்"னு சத்தம். கியர் மாத்தற அந்த டீரெய்லர் சக்கரக் கம்பிக்குள்ள போய்ச் சிக்கி, ஆறு ஸ்போக்ஸ் அறுந்து, வண்டி அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. பின்சக்கரம் சுத்தவே மாட்டேங்குது, தள்ளவும் முடியாது. பின்னால தூக்கிக்கிட்டு நடக்கணும். தூக்கினப்பத்தான் அந்த "14 கிலோ" என்னன்னு தெரிஞ்சுது. இருட்டினா அந்தப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு யானை இறங்கும், தோட்டத்துக்காரங்களே ஆறு மணிக்கு மேல வெளிய வர யோசிப்பாங்க. கூட்டாளி பக்கத்துல தன் ஹைப்ரிட்டை உருட்டிக்கிட்டு வந்தான், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல, அதுதான் ரொம்ப வலிச்சுது. தேங்காய் ஏத்திக்கிட்டு வந்த ஒரு டாடா ஏஸ் அண்ணன் நிறுத்தி ஏத்திக்கிட்டாரு. அவர் காசு வாங்கல. அவர்கிட்ட டீயும் இல்ல, ஏசியும் இல்ல.

மறுநாள் எங்க ஏரியாவுல புளியமரத்தடியில பஞ்சர் ஒட்டற பெரியவர்கிட்ட கொண்டு போனேன். சுத்திச் சுத்திப் பார்த்தாரு. "ஏஞ்சாமி, வாங்கறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" அப்புறம் ஒவ்வொண்ணா காட்டினாரு. டீரெய்லர் ஸ்போக்ஸ் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம்னு நிறுத்தறதுக்கு ஒரு சின்ன லிமிட் ஸ்க்ரூ இருக்கு, வண்டியை அசெம்பிள் பண்ணும்போது அதைச் சரியா வெக்கணும், கடையில தொடவே இல்ல. அதுவரைக்கும் நான் அந்தக் கடைசி கியருக்குப் போகாததால தப்பிச்சிருக்கேன். ரெண்டாவது, டீரெய்லர் தொங்கற அந்தக் காது. நல்ல அலாய் வண்டியில அது தனித் துண்டு, அடிபட்டா அது வளைஞ்சு ஃப்ரேமைக் காப்பாத்தும், சில நூறு ரூபாய்ல புதுசு மாட்டிக்கலாம். இதுல அது ஃப்ரேமோட ஒட்டினது. "வளைச்சு நிமித்தித் தர்றேன், ஆனா கியர் நிக்காது." மூணாவது, பின் ஆக்ஸில் வளைஞ்சிருக்கு. பல்சக்கரம் திருகி மாட்டற ஃப்ரீவீல் வகை இது, அந்தப் பக்கம் பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், ஆக்ஸில் நீட்டிக்கிட்டு நிக்கும், மேடு பள்ளத்துல விழுந்து விழுந்து வளையும். பல்சக்கரம் திருகாம சொருகி மாட்டற கேசட் வகையா இருந்தா அந்தப் பேரிங் வெளியோரத்துல உக்காந்திருக்கும். ஷிமானோ எங்கன்னு தேடினோம். ஹேண்டில்ல இருக்கற ரெண்டு லீவர்ல மட்டும் இருந்துச்சு. பின்னால உடைஞ்சு கிடக்கறதுல பேரே இல்ல.

வீட்டுக்கு வந்து வண்டியைத் தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல ஏறினேன், இறங்கி வெறுமனே ஏறினேன். வித்தியாசம் 19.6 கிலோ. சந்தேகம் வந்து ஃப்ரிட்ஜ்ல எம் பொண்ணு ஒட்டி வெச்சிருந்த ஊட்டி ரயில் காந்தத்தை எடுத்து ஃப்ரேம்ல வெச்சேன். பச்சக்னு ஒட்டிக்கிச்சு. அலுமினியத்துல காந்தம் ஒட்டாதுங்க. மேல் கம்பி, கீழ் கம்பி, பின் கம்பி, எல்லா இடத்துலயும் ஒட்டுது. இரும்பு வண்டி மட்டம்னு சொல்ல வரல, குரோமோலினு நல்ல ஸ்டீல்ல ஆயுசுக்கும் ஓடற சைக்கிள் செய்யறாங்க. என் இலவச சைக்கிளும் இரும்புதான். இரும்பை இரும்புன்னு சொல்லி விக்கறதுல என்ன கஷ்டம்?

இனி கடை. போன் பண்ணினேன். "மெக்கானிக் மாலை போட்டிருக்காருங்க, மலைக்குப் போயிட்டு வரட்டும்." மாலை போட்டா ஸ்பேனர் பிடிக்கக் கூடாதா? நேர்ல போனேன். "ஓனர் பர்ச்சேஸுக்கு லூதியானா போயிருக்காரு"ன்னான் கடைப் பையன். லூதியானா நம்ம நாட்டுலயே சைக்கிள் செய்யற ஊரு. இம்போர்ட்டட் வண்டி விக்கறவருக்கு லூதியானாவுல என்னப்பா பர்ச்சேஸ்னு கேட்டேன், பையன் சிரிச்சுட்டான். அடுத்த தடவை ஓனர் இருந்தாரு. "போட்டோ அனுப்புங்க, கம்பெனிக்கு மெயில் போடறேன்." பதினோரு போட்டோ அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு, வேற ஒண்ணும் வரல. மறுபடி போனா "கம்பெனியில இன்னும் பதில் வரலைங்க, வெள்ளிக்கிழமை வாங்க"ன்னாரு.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வாரண்டி கார்டை எடுத்து என் பக்கம் திருப்பி, பொடி எழுத்துல ஒரு வரியைக் காட்டினாரு. கரடுமுரடான பாதையில ஓட்டினா வாரண்டி செல்லாதாம். ஃப்ரேம்ல முழங்கை நீளத்துக்கு "மௌண்டைன்"னு எழுதியிருக்கேங்கன்னேன். "அது மாடல் பேருங்க சார்." அக்டோபர்ல நான் "தம்பி", இப்ப "சார்". அலாய்னு சொன்னீங்களே, காந்தம் ஒட்டுதேன்னு கேட்டேன். கொஞ்சமும் அசரல. "ஸ்டீலும் ஒரு அலாய்தானுங்க சார்."

வாய் அடைச்சுப் போச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதுக்குப் பதில் யோசிச்சுக்கிட்டே வந்தேன். கெமிஸ்ட்ரிப்படி அவர் சொன்னது சரி, அதுதான் வயித்தெரிச்சல். பார்ட்ஸும் கூலியும் சேர்த்து 5,000 கட்டுங்க, செஞ்சு தர்றேன்னாரு. 24,500 குடுத்த வண்டிக்கு அஞ்சு வாரத்துல இன்னும் அஞ்சாயிரம்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்குக் கட்டணம் இல்லாம வழக்குப் போடலாம். ஆனா எங்கிட்ட பில் இல்லையே, "எஸ்டிமேட்" சீட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான். பாப்போம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன். மணி பதினொண்ணே முக்கால், தலை வலிக்குது, சுருக்கமா சொல்லிடறேன். 25,000க்குள்ள நடு ஷாக்ஸ் வெச்ச வண்டி பக்கமே போகாதீங்க. ஷாக்ஸ் இல்லாத ஹைப்ரிட், இல்லைன்னா முன்னாடி மட்டும் லாக் பண்ற ஷாக்ஸ், கேரியருக்கு ஓட்டை இருக்கணும். குறுக்குக் கம்பி மேல நின்னு பாருங்க, ரெண்டு அங்குலமாவது இடைவெளி வேணும், ஸ்டாக்ல இருக்கற சைஸை உங்க தலையில கட்டுவாங்க. கடையிலயே எல்லா கியரும் மாத்தி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, முக்கியமா அந்தக் கடைசி கியர். பில் இல்லாம காசு குடுக்காதீங்க. காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, நான் கிண்டலுக்குச் சொல்லல. ஜிபே பண்ணும்போது ஸ்க்ரீன்ல யார் பேர் வருதுன்னு பாருங்க. எனக்கு வந்தது கடைப் பேரும் இல்ல, ஓனர் பேரும் இல்ல. யாரோ ஒரு அம்மா பேரு. "நம்ம வீட்டுக்காரம்மாதாங்க தம்பி, அழுத்துங்க"ன்னாரு. அழுத்திட்டேன். 24,500.