கேபிஎஸ் மேப்பிள் மேக்கினா ஃபட்ஜ்: ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே குடிக்காதீங்க

அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல இருக்கிறவங்களுக்கு மேக்கினா தீவுன்னு சொன்னாலே ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும், ஒன்னு 1898லயே காருக்குத் தடை போட்டதால இன்னைக்கும் குதிரை வண்டியும் சைக்கிளுமா ஓடுற ரோடு, இன்னொன்னு தெரு முழுக்க வீசுற ஃபட்ஜ் (சர்க்கரை, வெண்ணெய், சாக்லேட் போட்டு செய்யுற மெத்துன்னு ஒரு இனிப்பு) வாசனை. பளிங்கு மேசையில சூடா கொட்டி, ஆற ஆற மடிச்சு மடிச்சு உருட்டுறதை கடை வாசல்ல நின்னே பாக்கலாம். அந்த ஃபட்ஜோட பேரை வச்சு மிச்சிகன்லயே கிராண்ட் ராப்பிட்ஸ் ஊர்ல பீர் காய்ச்சுற ஃபவுண்டர்ஸ் கம்பெனிக்காரங்க அவங்க கேபிஎஸ் ஸ்டவுட்ல (ஸ்டவுட்னா வறுத்த தானியத்துல காய்ச்சுற கருப்பு பீர்) ஒரு வகை இறக்கினாங்க, பேரு மேப்பிள் மேக்கினா ஃபட்ஜ் (மேப்பிள்னா மேப்பிள் மரத்துச் சாறைக் காய்ச்சி எடுக்கிற பாகு), ஆல்கஹால் 11 சதவீதம். இந்த மாதிரி இனிப்புப் பேரு வச்ச ஸ்டவுட் நிறைய வருது, பாதிக்கு மேல வெறும் எசென்ஸ் வாசனைதான், அதனால இதை கொஞ்சம் சந்தேகத்தோடதான் திறந்தேன்.

கேபிஎஸ் தெரியாதவங்களுக்கு: கென்டக்கி பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட்ங்கிறதோட சுருக்கம், காபியும் சாக்லேட்டும் போட்டு காய்ச்சின கனமான ஸ்டவுட், அதை பர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாய்ல ஊத்தி மாசக்கணக்குல ஊற வைப்பாங்க. கிராண்ட் ராப்பிட்ஸ்ல தரைக்கு அடியில பழைய ஜிப்சம் சுரங்கம் இருக்கு, வெளியில பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ள ஒரே குளிர்ச்சி, பல வருஷமா பீப்பாய்ங்களை அங்க அடுக்கி வச்சிருந்தாங்க. அமெரிக்க சட்டப்படி பர்பனுக்கு உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்தான் போடணும், அப்போ விஸ்கியை வெளிய எடுத்ததுக்கு அப்புறம் அதே பீப்பாய்ல மறுபடி பர்பன் போட முடியாது, அதனாலதான் பீர் காய்ச்சுறவங்களுக்கு இவ்வளவு பீப்பாய் கிடைக்குது. மரத்துக்குள்ள ஊறி நிக்கிற விஸ்கியும், கருகின ஓக்ல இருந்து வர்ற வெனிலா வாசனையும், லேசான தேங்காய் மணமும் மெதுவா பீருக்குள்ள இறங்கும். இனிப்பு மாதிரி தோணுறதுல ஒரு பங்கு இந்த மரத்தோட வேலைதான், எல்லாமே சர்க்கரையோடது இல்ல.

சரி டேஸ்டுக்கு வரேன். ஊத்தும்போது நல்ல கருப்பு, லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாலும் ஓரத்துல மட்டும்தான் கொஞ்சம் செம்பழுப்பு தெரியுது. நுரை காப்பி கலர்ல ஒரு விரல் உயரம் வந்துச்சு, ரொம்ப நேரம் நிக்கல, 11 சதவீதத்துக்கு அது சகஜம். குளிர்ச்சியா முதல் வாய் குடிச்சப்போ மேப்பிள் மட்டும்தான், நேரா மூக்குல ஏறுது, பின்னாடி விஸ்கி காரம், ஃபட்ஜ் எங்கயுமே இல்ல. கிளாஸை அப்படியே டேபிள்ல வச்சிட்டு வேலையைப் பாத்துட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து எடுத்தா அது வேற பீர். மேப்பிள் அடங்கி, கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது அடியில லேசா பிடிக்குமே அந்த வாசனை வருது, அது மேல சாக்லேட், நாக்குல பால்கோவா மாதிரி ஒரு வழவழப்பு, முழுங்கினதுக்கு அப்புறம் கடைசியில காபி கசப்பு வந்து வாயைத் துடைச்சு விடுது. அந்த கசப்பு மட்டும் இல்லன்னா திகட்டிடும். இந்த இடத்துலதான் பேருக்கு நியாயம் பண்ணியிருக்காங்கன்னு நினைச்சேன், ஏன்னா நிஜ ஃபட்ஜ்லயும் வெறும் இனிப்பு மட்டும் இல்ல, வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்து கரையுற வழவழப்பும் இருக்கும்.

அதுக்காக சாதா கேபிஎஸ்ஸை விட இது பெட்டரான்னு கேட்டா, இல்ல. அதுல காபிதான் ராஜா, விஸ்கியும் சாக்லேட்டும் அதுக்கு கீழ அளவா நிக்கும், ஒரு பாட்டிலை ஒரே ஆள் நிதானமா முடிக்கலாம். இதுல மேப்பிள் ஒரு படி தூக்கல், பாதி பாட்டிலுக்கு மேல எனக்கு முடியல. ரெண்டு மூணு பேர் சேர்ந்து சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன கிளாஸ்ல பகிர்ந்துக்குறதுக்கு அருமையான பீர், தனியா உக்காந்து குடிக்க சாதா கேபிஎஸ்தான் என் சாய்ஸ்.

இதோட இன்னொரு இனிப்பு வச்சு சாப்பிடாதீங்க, ரெண்டுமே வீணாகும். உப்பு போட்டு வறுத்த முந்திரி, பாதாம், இல்ல நல்லா முதிர்ந்த செடார் சீஸ், இதெல்லாம் செமயா சேருது, அந்த உப்பு பட்டதும் சாக்லேட் இன்னும் எடுப்பா தெரியுது. ஒரு பார்ல இதை ஃப்ரீசர்ல வச்ச பெரிய மக்ல ஊத்திக் கொடுத்தாங்க, மனசே ஆறல, இவ்வளவு மாசம் பீப்பாய்ல கிடந்து வந்த வாசனை மொத்தமும் அந்த ஐஸ்ல செத்துப் போச்சு. அப்படி வந்தா தயங்காம சாதா கிளாஸ் கேளுங்க, வாய் குறுகின துலிப் கிளாஸ் இருந்தா இன்னும் நல்லது, 12, 13 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் குடிங்க.

ஒன்னு மட்டும், பீப்பாய்ல வச்ச ஸ்டவுட்தானே, பத்து வருஷம் அலமாரியில கிடக்கட்டும்னு இதை பதுக்காதீங்க. விஸ்கியும் மரமும் தாங்கும், காபி வாசனை தாங்காது, அதுதான் முதல்ல மங்கும், அது போயிட்டா மிச்சம் நிக்கிறது மேப்பிள் இனிப்புதான். கடையில கிடைச்சா தேதியைப் பாத்து புதுசா எடுங்க, அந்த குளிர்காலத்துக்குள்ளயே திறந்துடுங்க.