கமராவா சென்சரா? விண்டருக்கு என் பதில்

மொன்றியாலில் இருக்கிற மச்சான் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், 2016 மொடல். பின்கமராவும் இல்லை, பின்னால் எதுக்கும் கிட்டப் போனால் கத்துகிற பார்க்கிங் சென்சரும் இல்லை. "ரெண்டில ஒண்டுக்குத்தான் காசிருக்கு, எதைப் பூட்ட?" என்று கேட்கிறான். என்னுடைய காரில் இரண்டும் இருக்கு, ஸ்காபரோவில் பல விண்டர் கண்ட கார்.

முதலில் கமராவைத் திட்டிவிடுகிறேன். கனடாவில் 2018 மே மாதத்திலிருந்து தயாரிக்கிற புதுக் கார்களுக்குப் பின்கமரா கட்டாயம். அதைத் துடைத்து வைத்திருக்க ஒரு வழியும் சொல்லவில்லை. எஸ்யூவி மாதிரிப் பின்பக்கம் செங்குத்தாக முடிகிற கார்களுக்குப் பின்னால் காற்று சுழன்றடித்து, சில்லு கிளப்புகிற உப்புத் தண்ணியைக் கதவிலேயே அப்பிவிடும். கமரா இருப்பதும் அங்கேதான், நம்பர் பிளேட்டுக்கு மேலே. பின்கண்ணாடிக்கு வைப்பர் உண்டு, சூடாக்கும் கம்பி உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. 401 நெடுஞ்சாலையில் ஓடி வீட்டுக்கு வந்து றிவேர்ஸ் போட்டால் திரை முழுக்கச் சாம்பல். கையுறையால் துடைத்தால் உப்பு இன்னும் இழுபட்டு, பின்னால் வருகிற காரின் லைட் பட்டதும் படம் வெளுத்துப் போகும். கையுறையைக் கழற்றி, வொஷர் தண்ணியில் நனைத்த டிசுவால் அந்த உழுந்தளவு லென்ஸைத் தேய்க்கவேண்டும், மைனஸ் இருபதில்! அந்தக் குளிரில் திரையும் மந்தம். கார் நின்ற பிறகும் படம் கொஞ்சம் இழுபடும்.

சென்சரில் இந்தக் கூத்து இல்லை. அது ஒலியலையில் வேலை செய்வது, மெல்லிய உப்புப் படலத்தையோ இருட்டையோ கணக்கெடுக்காது. பிளாசாவில் தூணுக்குக் கிட்டப் போனால் கத்தும், நம்பி நிறுத்தலாம். ஈர ஸ்னோ பம்பரில் உறைந்து ஒட்டினால் மட்டும் வெறும் டிரைவ்வேயிலும் விடாமல் அலறும். தட்டிவிட்டால் சரி. இத்தனை விண்டரிலும் எனக்குக் கோபம் வரவைக்காதது அதுதான்.

எண்டாலும் மச்சான், நீ கமராவையே பூட்டு.

புதிதாய் விழுந்த பஞ்சு ஸ்னோ ஒலியை உறிஞ்சிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வழித்துத் தள்ளின குவியலை நீ இடிக்கும்வரை சென்சர் வாயே திறக்காமல் இருக்கக்கூடும். மெல்லிய சங்கிலி, பம்பருக்குக் கீழே கிடக்கிற சாமான் எல்லாம் அதற்குத் தெரியாமல் போகும். கத்தினாலும் எதைக் கண்டு கத்துகிறதென்று சொல்லாது. உங்கடை தெருவில் சின்னன்கள் ஸ்னோவில் சறுக்கி விளையாடுதுகள் என்று நீதானே சொன்னாய்? அதோடு சென்சர் பூட்டப் பம்பரில் நாலு ஓட்டை போடவேணும், அதுவும் பழைய காருக்கு.

வயர் உள்ள கமராவாய்ப் பார்த்து வாங்கு. கதவுப் பையில் டிசு வை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் கமரா பின்பக்கச் சின்னத்துக்குள் ஒளிந்திருந்து, றிவேர்ஸ் போட்டால் மட்டும் வெளியே தலைகாட்டும். என்னுடைய அடுத்த காரில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கவேணும்.