பேரீச்சம்பழத்துக்குப் பதில் பனாட்டு: மூன்று கேக் அடித்துப் பார்த்தேன்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கட்டிக் குட்டான், ஒடியலோடு பனாட்டும் வைத்து விற்கிற ஒரு ஆச்சியிடம் போன கார்த்திகையில் அரைக் கிலோ வாங்கினேன். "தின்னவோ, பாணிக்குப் போடவோ?" என்று கேட்டா. கேக்குக்கு என்று சொன்னதும் என்னை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே கிடந்ததை விட்டு அடியில் இருந்து ஒரு துண்டை இழுத்து வெட்டித் தந்தா. "முதல் வாயிலை போட்டுப் பார் பிள்ளை. கைச்சால் வாங்காதை."

எங்கள் வீட்டில் நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் பேரீச்சம்பழக் கேக் அடிப்பது வழக்கம். 2022 இல் சாமான் விலை ஏறிய நேரம் பழத்தைப் பாதியாகக் குறைத்தோம். கேக் வெளிறிப்போய், இரண்டாம் நாளே உதிர்ந்தது. அந்தக் கேக்கில் பழம் வெறும் இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தையும் நிறத்தையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. எனவே மாற்றுப் பழமும் கரைந்து மாவோடு சேரக்கூடியதாக இருக்க வேண்டும். பனாட்டு அப்படித்தான் நினைவுக்கு வந்தது.

தெரியாதவர்களுக்காக: ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, ஓலைப்பாயில் ஊற்றிக் காயவிடுவார்கள். ஒரு படை காய்ந்ததும் அதன்மேல் அடுத்த படை. கடைசியில் தோல் மாதிரித் தடித்த, கருஞ்சிவப்பான பாளமாக உரித்தெடுப்பார்கள்.

முதல் கேக்கில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். பேரீச்சம்பழத்துக்குச் செய்கிற அதே முறையைச் செய்தேன். 250 கிராம் பனாட்டைச் சின்னதாக வெட்டி, ஒரு கோப்பை கொதித்த தேயிலைச் சாயத்தில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு ஊறவைத்தேன். பேரீச்சம்பழம் என்றால் அரை மணித்தியாலத்தில் குழைந்துவிடும். சோடா அதன் தோலை இளக்கும். பனாட்டு தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு அப்படியே இறப்பர் மாதிரிக் கிடந்தது. கேக் பொங்கவில்லை. தின்று முடித்த பிறகு தொண்டையில் ஒரு கைப்பு நின்றது. பனங்களியில் பிளாபெலிபெரின் என்ற கைப்புப் பொருள் இருக்கிறது, மரத்துக்கு மரம் அதன் அளவு மாறும். ஆச்சி வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். நான் ஒரு துண்டைத்தான் ருசி பார்த்தேன், வாங்கியதோ இரண்டு பாளத்தில் இருந்து.

பிறகு அம்மம்மா பனங்காய்ப் பணியாரத்துக்குக் களியை முதலில் அடுப்பில் காய்ச்சுவது நினைவுக்கு வந்தது. பச்சைக் களியை மாவில் போடவே விடமாட்டா. அதையே பனாட்டுக்கும் செய்தேன். இரவு முழுக்க ஒன்றேகால் கோப்பை தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் துழாவிக் காய்ச்சி, கண்ணறை வடியில் அழுத்தி வடித்தேன். தும்பு வடியிலேயே நின்றுவிட்டது. கீழே இறங்கியது பளபளப்பான, தேன் பதத்துக் களி. வீடு முழுக்கப் பனம்பழ வாசம்.

இரண்டாவது கேக்குக்குப் பாதி பேரீச்சம்பழம், பாதி இந்தக் களி. ரவை இல்லாமல் 250 கிராம் கோதுமை மா, அதே அளவு மாஜரின், 3 முட்டை, கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பைத் தவறவிடாதீர்கள், மிச்சம் இருக்கிற கைப்பை அது அமத்தும். பனாட்டில் பேரீச்சம்பழத்தளவு இனிப்பு இல்லாதபடியால் சீனியில் 50 கிராம் கூட்டினேன். 170 பாகையில் ஐம்பது நிமிடம். நான் இதுவரை அடித்த கேக்குகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. நாலாம் நாள் வெட்டினபோதும் கத்தியில் ஈரம் ஒட்டியது. பக்கத்து வீட்டு அக்கா "என்ன பழம் பிள்ளை போட்டனீர்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்தா.

மூன்றாவது முழுக்கப் பனாட்டு. பனை வாசம் பிடித்தவர்கள் ஆசையாகத் தின்பார்கள். என் மருமகப் பிள்ளைகள் தொடவில்லை. முதல்முறை செய்பவர்கள் பாதிக்குப் பாதியில் தொடங்குங்கள்.

ரவைபோட்டு அடிக்கிற ரிச் கேக்குக்குப் பனாட்டு சரிவராது. அதில் பழம் துண்டாகவே நிற்க வேண்டும், பனாட்டுத் துண்டு பல்லில் இழுபடும். பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) குறைந்தால் உலர்ந்த அன்னாசியையோ பலாச்சுளையையோ பிளம்ஸ் அளவுக்கு நறுக்கி, நிறைக்கு நிறை போடுங்கள். கத்திரிக்கோலில் எண்ணெய் பூசினால் ஒட்டாது. வறண்டு கிடந்தால் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள், இல்லாவிட்டால் மாவின் ஈரத்தை அது குடித்துவிடும். எங்கள் தோட்டங்களில் காய்க்கிற முந்திரிகையை, அதாவது திராட்சையைக் காயவைத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு: இங்கே காய்க்கிற இஸ்ரேல் புளூ என்ற திராட்சை கொட்டையுள்ள இனம். காய்ந்தால் கொட்டைதான் மிஞ்சும், கேக்கில் கடிபடும்.

ஒரு குறை. அவசரத்துக்கு ஒரு கடையில் பொலித்தீனில் அடைத்த பனாட்டு வாங்கினேன். காய்ச்சி வடித்த பிறகும் மணல் நறநறத்தது. வெயிலில் பாயை மூடாமல் விட்டால் இப்படித்தான். முழுவதையும் கொட்டினேன். மனம் பொறுக்கவில்லை. ஒரு பனம்பழத்தைப் பிசைந்து களி எடுக்கிற பாடு தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். பொதி செய்ததை வாங்குவதென்றால் ஒரு மூலையைத் தண்ணீரில் கரைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

சந்தை ஆச்சியின் பனாட்டில் ஒரு மணல் இல்லை. வெள்ளைத் துணி போட்டு மூடித்தான் காயவிடுகிறதாம். இந்த ஆவணிக்கு இரண்டு கிலோ சொல்லி வைத்திருக்கிறேன். கைக்காத மரத்துப் பழமாகப் பார்த்துப் பிழியச் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.