அம்மாவின் போனில் உப்பிய பேட்டரி

அம்மாவின் போனில் மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்கவில்லை. பேட்டரி மாற்றினால் போதும் என்று மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "ஒரிஜினல்தாண்ணே, ஆறு மாசம் கேரண்டி" என்றார் கடைக்காரர். 850 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் தேதி எழுதிக் கொடுத்தார். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது மாதமே திரை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டது. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே விழுந்ததால் வந்தது என்று நினைத்து, அம்மா ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். அந்தப் போனைத்தான் தினமும் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். அவர் திரையைக் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தார். "ஒண்ணும் ஆகாதுண்ணே, லேசா உப்பிருக்கு. வேற போட்டுத் தர்றேன், 500 குடுங்க." கேரண்டி என்னாயிற்று என்று கேட்டால், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டது எங்கள் தப்பாம்.

பேட்டரி உப்புவது உள்ளே வாயு சேர்வதால். லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய படலம்தான். அழுத்தியோ குத்தியோ அது கிழிந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதனால் உப்பிய போனை அழுத்தாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அணைத்துவிட்டு, துணி, காகிதம் இல்லாத வெறும் தரையில் வையுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் மாற்றினோம், 1,400 ரூபாய். கழற்றிய பேட்டரியைக் காட்டினார்கள். போனோடு வந்த பழைய பேட்டரி 4000 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்ற கணக்கு). அதே சைஸில் இருந்த இந்தக் கடை பேட்டரியில் 6000 என்று பொய்யாக அச்சிட்டிருந்தது. இந்தியாவில் விற்கும் போன் பேட்டரியில் இருக்கவேண்டிய பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் இல்லை, 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை. அந்த எண் அசலா என்று 'பிஐஎஸ் கேர்' செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாட்டுவதற்கு முன்பே பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அப்புறம், பில் இல்லாமல் பேட்டரி வாங்கவே வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். என் கையில் இருப்பது அந்த விசிட்டிங் கார்டு மட்டும்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை இன்றைக்கே ஒருமுறை உறையைக் கழற்றிப் பாருங்கள். திரையோ பின்மூடியோ தூக்கியிருந்தால், இன்று இரவு அதைச் சார்ஜில் போடவேண்டாம்.